வளைய வேண்டும், முறுகக் கூடாது

மணிக்கட்டில் ஒரு துளை போட்டு, அதன் வழியாகவே இதயத்தின் அடைப்பை நீக்கி, ஓரிரு நாளில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கொச்சியிலும் சென்னையிலும் கோவையிலும் இது இன்று அன்றாடச் செய்தி. சிகிச்சை நடக்கும்போது நோயாளி விழித்திருப்பார். பக்கத்துத் திரையில் தன் இதயம் துடிப்பதையும் அவரால் பார்க்க முடியும். வீடு திரும்பியதும் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘கையில் விட்ட கம்பி இதயத்துக்கு எப்படிப் போனது? நடுவில் எத்தனை கிளைகள் பிரிகின்றன! எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்று அந்தக் கம்பிக்கு எப்படித் தெரியும்?’

‘எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே செலுத்துகிறோம்’ என்பார் மருத்துவர். அது பாதி விடைதான். பார்ப்பது வேறு, திருப்புவது வேறு. கம்பியின் நுனி துடிக்கும் இதயத்தின் மேல், 3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாய்க்குள் இருக்கிறது. மருத்துவரின் விரல்களோ ஒரு மீட்டருக்கு அப்பால், கம்பியின் வாலில் இருக்கின்றன. வாலில் அவர் செய்யக்கூடியவை இரண்டே இரண்டு. முன்னும் பின்னும் நகர்த்தலாம், அல்லது விரல்களுக்கிடையே வைத்து உருட்டலாம். இந்த இரண்டு அசைவுகளைக் கொண்டே நுனியை வேண்டிய கிளைக்குள் நுழைத்தாக வேண்டும்.

மருத்துவமனைகளில் ‘கைடு வயர்’ என்று சொல்லப்படும் இந்த வழிகாட்டுக் கம்பி, இதயக் குழாய்களுக்கானது 0.36 மி.மீ. தடிமன் கொண்டது. அங்குலக் கணக்கில் 0.014. நீளம் ஏறத்தாழ 180 செ.மீ. அடைப்பை விரிக்கும் பலூனும், விரித்ததைத் தாங்கி நிற்கும் ஸ்டென்ட்டும் தாமாக வழி கண்டுபிடித்துப் போவதில்லை. முதலில் கம்பி அடைப்பைத் தாண்டிப் போய் நிற்க வேண்டும். பிறகுதான் மற்றவை அதன் மேல் கோத்து உள்ளே தள்ளப்படுகின்றன. கம்பி தாண்டவில்லை என்றால் சிகிச்சை அங்கேயே நின்றுவிடும்.

இந்த ஏற்பாட்டின் வேர் சுவீடனில் இருக்கிறது. ஸ்வென் ஐவார் செல்டிங்கர் என்ற கதிரியல் மருத்துவர் 1953-இல் ஒரு முறையை வெளியிட்டார். ஊசியால் இரத்தக் குழாயைத் துளை. ஊசிக்குள் கம்பியை விடு. ஊசியை உருவிவிட்டுக் கம்பியின் மேல் கதீட்டர் என்னும் மெல்லிய நெளிகுழாயைச் செலுத்து. இன்றும் உலகெங்கும் இதே வரிசைதான். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் சார்லஸ் டாட்டர் இந்த வழியில் ஒரு படி மேலே போனார். கால் அழுகத் தொடங்கிய 82 வயதுப் பெண்மணி, காலை வெட்டச் சம்மதிக்கவில்லை. அறுவை இல்லாமலே அவருடைய தொடைக் குழாயின் அடைப்பை டாட்டர் விரித்தார், கால் பிழைத்தது. கிட்டார் தந்தி, வோக்ஸ்வாகன் காரின் ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று கிடைத்ததையெல்லாம் வைத்து அவர் தன் கருவிகளைச் செய்துபார்த்தார். அந்த ஸ்பீடோமீட்டர் கேபிளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் ஆந்திரியாஸ் குருன்ட்சிக் முதல்முறையாக ஒருவரின் இதயக் குழாயைப் பலூனால் விரித்தார். அவருடைய பலூனின் முனையில் ஒரு சின்னக் கம்பி ஒட்டியே இருந்தது. அதைத் தனியாகத் திருப்ப முடியாது. ஆகவே நேரான, எளிதில் எட்டக்கூடிய அடைப்புகளுக்கு மட்டுமே அது பயன்பட்டது. ஜான் சிம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் பலூனுக்குள் கம்பி சுதந்திரமாக நகரும் அமைப்பை 1982-இல் வெளியிட்ட பிறகுதான், வளைந்தும் பிரிந்தும் செல்லும் குழாய்களின் கதவு திறந்தது. அட்லாண்டாவில் குருன்ட்சிக்கிடம் பயின்று திரும்பி, 1986-இல் இந்தியாவில் இந்தப் பலூன் சிகிச்சையை, அதாவது ஆஞ்சியோபிளாஸ்டியைத் தொடங்கிவைத்தவர் கோட்டயத்துக்காரரான மாத்யூ சாமுவேல் களரிக்கல். சென்னையில் நெடுங்காலம் பணியாற்றிய அவர் 2025 ஏப்ரலில் காலமானார். மலையாளிகளும் தமிழர்களும் சேர்ந்து நன்றியோடு நினைக்க வேண்டிய பெயர்.

இனி திருப்பும் வித்தைக்கு வருவோம். கம்பியை உள்ளே விடுமுன் மருத்துவர் அதன் நுனியில் சில மில்லிமீட்டரை விரலால் லேசாக வளைத்துக்கொள்வார். வாலை உருட்டினால் வளைந்த நுனி ஒரு சிறு வட்டம் அடிக்கும். கிளை பிரியும் இடத்தில், நுனி கிளையின் வாயைப் பார்க்கும்வரை உருட்டி, பிறகு தள்ள வேண்டும். அவ்வளவுதான். வாலில் கொடுத்த திருப்பம் குறையாமல், தாமதிக்காமல் நுனியை அடைந்தால் கம்பி சொன்னபடி கேட்கும்.

அது அடையாமல் போவதுதான் சிக்கலே. மருத்துவர் கால் சுற்று திருப்புகிறார். திரையில் நுனி அசையவில்லை. இன்னொரு கால் சுற்று, அப்போதும் இல்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினால், நுனி சட்டென்று அரைச் சுற்று பாய்ந்து கிளையைத் தாண்டிப் போய் நிற்கிறது. இந்தத் துள்ளலை ‘விப்’ என்கிறார்கள். வளைந்த குழாய்க்குள் கிடக்கும் கம்பிக்கு ஏற்கெனவே ஒரு சிறு கோணல் இருந்தால், அந்தக் கோணல் குழாயின் வளைவோடு பொருந்தி உட்கார்ந்துகொள்ளும். திருப்பும் முயற்சி கம்பியின் உடலில் முறுக்காகச் சேர்கிறது. சேர்ந்த முறுக்கு எல்லை மீறியதும் மொத்தமாக விடுபடுகிறது.

அப்படியானால் முறுகாத, விறைப்பான கம்பியைச் செய்துவிடலாமே? இங்கேதான் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. ஒரு கம்பியை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதை வளைவிறைப்பு என்று வைத்துக்கொள்வோம். முறுக்க எவ்வளவு வேண்டும் என்பது முறுக்குவிறைப்பு. நமக்குத் தேவை, வளைவிறைப்பு மிகக் குறைவாக, முறுக்குவிறைப்பு மிக அதிகமாக. கம்பியின் தடிமனைப் பாதியாக்கினால் வளைவிறைப்பு பாதியாவதில்லை. 16-இல் ஒரு பங்காகிவிடும். தடிமனைக் கால்வாசியாக்கினால் 256-இல் ஒரு பங்கு. நுனியை மென்மையாக்க இதைவிட எளிய வழி வேண்டுமா என்று தோன்றும். ஆனால் முறுக்குவிறைப்பும் அதே 16, அதே 256 என்று கூடவே சரிகிறது.

இது தற்செயல் அல்ல. உள்ளே ஒரே உலோகத்தால் நிறைந்த எந்த வட்டக் கம்பியை எடுத்தாலும், இந்த இரண்டு விறைப்புகளுக்கும் இடையிலான விகிதம் மாறாது. எஃகுக் கம்பியில் வளைவிறைப்பு முறுக்குவிறைப்பைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு. மெல்லிய கம்பியோ தடித்த கம்பியோ, விகிதம் அதேதான். உலோகத்தை மாற்றினாலும் பெரிதாக நகராது. தடிமனைக் கூட்டிக் குறைப்பதால் மட்டும் இந்தப் பிடியிலிருந்து தப்ப முடியாது. கடந்த நாற்பது ஆண்டுகளில் நல்ல கம்பிகளை வடிவமைத்தவர்கள் செய்தது எல்லாம், இந்த இரட்டைக் கட்டை அவிழ்க்க விதவிதமான வழிகள் தேடியதுதான் என்பேன்.

முதல் வழி, மென்மையான பகுதியை மிகக் குட்டையாக வைப்பது. முறுக்கு நீளத்தைப் பொறுத்துச் சேர்வது. கம்பியின் பெரும்பகுதியை முழுத் தடிமனோடு விட்டுவிட்டு, கடைசிச் சில சென்டிமீட்டரில் மட்டும் உள்கம்பியைப் படிப்படியாகத் தேய்த்து மெலிய வைக்கிறார்கள். மெலிந்த உள்கம்பியைச் சுற்றி நுண்ணிய சுருள் ஒன்றை ஏற்றுகிறார்கள். அந்தச் சுருள் பிளாட்டினம் போன்ற கனமான உலோகம். அதனால்தான் திரையில் நுனி மட்டும் அடர்கருப்பாகத் தெரிகிறது.

இரண்டாவது வழி, டாட்டர் எடுத்துப் பார்த்த ஸ்பீடோமீட்டர் கேபிளில் முன்பே இருந்தது. பழைய ஸ்கூட்டர்களில் முன்சக்கரத்திலிருந்து கைப்பிடி வரை அந்தக் கேபிள் வளைந்து நெளிந்து வரும். ஆனாலும் சக்கரத்தின் சுழற்சியை மீட்டர் முள்ளுக்குத் தவறாமல் கொண்டுவந்து கொடுக்கும். பல மெல்லிய இழைகளை அடுக்கடுக்காக, ஓர் அடுக்கை வலமாகவும் அடுத்ததை இடமாகவும் சுற்றியிருப்பார்கள். வளைத்தால் இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி வழிவிடும். திருப்பினால் ஓர் அடுக்கு இறுகி, மற்றதைப் பிடித்துக்கொள்ளும். இன்று அடைப்பு முற்றிய இதயக் குழாய்களில் பெயர்பெற்ற கம்பிகளைச் செய்யும் ஜப்பானின் அசாஹி இன்டெக் நிறுவனம், முதலில் தொழிற்சாலைக் கருவிகளுக்கான மெல்லிய எஃகுக் கயிறுகளைத் திரித்துக்கொண்டிருந்தது. கயிறு திரிக்கத் தெரிந்தவர்கள் இந்தத் துறையில் முன்னுக்கு வந்ததில் வியப்பில்லை.

மூன்றாவது வழி மிக அழகானது. கம்பியின் முன்பகுதியில் ஒரு நுண்குழாயைப் போர்த்தி, அதில் குறுக்காக வெட்டுகள் போடுகிறார்கள். ஒரு வெட்டு மேலும் கீழும். அடுத்தது வலமும் இடமும். இப்படியே மாறி மாறி நூற்றுக்கணக்கில். ஒரு குழாய் வளையும்போது அதன் ஒரு பக்கம் நீள வேண்டும், எதிர்ப்பக்கம் சுருங்க வேண்டும். நீளும் பக்கத்தில் உலோகமே இல்லாமல் வெட்டிவிட்டால் தடுப்பது எது? குழாய் சுலபமாக வளைகிறது. திருப்பும் விசையோ எஞ்சிய வளையங்களையும் அவற்றை இணைக்கும் சிறு பாலங்களையும் பிடித்துக்கொண்டு முன்னேறிவிடுகிறது. மூளைக் குழாய்களுக்கான கம்பிகளில் இந்த அமைப்பு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது.

அந்த நுண்குழாய்க்கு ஏற்ற உலோகம் நிட்டினால், அதாவது நிக்கலும் டைட்டேனியமும் ஏறக்குறையச் சம அளவு அணுக்களாகச் சேர்ந்த கலவை. அமெரிக்கக் கடற்படை ஆயுத ஆய்வகத்தில் வில்லியம் புவ்லர் 1959-இல் இதைக் கையில் எடுத்தார். எஃகை அதன் நீளத்தில் ஒரு சதவீதம் இழுத்தாலே பொதுவாக நிரந்தரமாகக் கோணிப்போகும். நிட்டினால் 8 சதவீதம் வரை இழுபட்டும் பழைய நிலைக்குத் திரும்பும். இழுக்கும்போது உள்ளிருக்கும் படிக அடுக்கே வேறு வடிவத்துக்கு மாறி இடம் கொடுக்கிறது, விட்டதும் திரும்பிவிடுகிறது. இதை மீமீள்மை எனலாம். ஆனால் எல்லா நன்மையும் ஒரே உலோகத்தில் கிடைப்பதில்லை. நிட்டினாலின் விறைப்பு எஃகில் பாதிகூட இல்லை. விரலால் கொடுத்த வளைவும் அதில் எளிதில் நிற்காது. அதனால்தான் உடலுக்கு எஃகு, முன்பகுதிக்கு நிட்டினால் என்று இரண்டையும் இணைத்தும் கம்பிகள் செய்கிறார்கள்.

திருப்பம் சரி, தள்ளுவது? கொச்சியின் காக்கநாட்டில் வாட்டர் மெட்ரோ படகுத்துறை இருக்கிறது. அங்கோ, மட்டாஞ்சேரி துறையிலோ படகைக் கட்டும் ஊழியரைக் கவனித்திருப்பீர்கள். குட்டையான இரும்புத் தூணில் கயிற்றை இரண்டு மூன்று சுற்று சுற்றுவார். பிறகு ஒற்றைக் கையால் ஒரு முழுப் படகையும் நிறுத்திவிடுவார். ஒவ்வொரு சுற்றிலும் உராய்வின் பிடி கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறுகிறது. சாதாரணக் கயிறும் இரும்பும் என்றால் மூன்று சுற்றுக்குள் கையின் இழுப்பு இருநூறு மடங்குக்கு மேல் பெருகிவிடும். இதில் தூணின் பருமன் கணக்கில் வராது. மொத்தம் எத்தனை பாகை திரும்பினோம் என்பதே கணக்கு. மணிக்கட்டிலிருந்து தோள், தோளிலிருந்து மகாதமனி, அங்கிருந்து இதயக் குழாய் என்று போகும் கம்பியும் ஒவ்வொரு வளைவிலும் சுவரை அழுத்தி இதே பெருக்கலுக்கு ஆளாகிறது. படகுக்காரருக்கு உதவிய விதி மருத்துவருக்கு எதிராக வேலை செய்கிறது.

தப்பிக்க ஒரே வழி உராய்வையே குறைப்பது. நீர்விரும்பிப் பூச்சு பூசிய கம்பியை உப்புநீரில் நனைத்தால், மேலிருக்கும் நீண்ட மூலக்கூறுகள் நீரை உறிஞ்சி வழுவழுப்பான கூழ்ப்படலமாகிவிடும். கம்பி பிடியில் நிற்காமல் வழுக்கும். ஆனால் வழுக்கும் கம்பி விரலுக்குச் செய்தி சொல்லாது. நுனி சுவரில் முட்டுவதை உணரும் அந்தச் சிறு தடை மறைந்துவிடும். குழாய்ச் சுவரைத் துளைத்துவிடும் ஆபத்து இத்தகைய கம்பிகளில் கூடுதல். அனுபவம் மிக்க மருத்துவர்கள் பலர் சாதாரண அடைப்புகளுக்கு நீர்வெறுப்பிப் பூச்சையே விரும்புவதற்குக் காரணம் இதுதான். இந்தப் பூச்சுகள் பிய்ந்து இரத்தத்தில் கலந்த நிகழ்வுகளும் உண்டு. 2015-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது.

நுனியின் மென்மையைக் கிராமில் சொல்கிறார்கள். நுனியை ஒரு துல்லியத் தராசின் மேல் அழுத்திக்கொண்டே போனால் ஓர் எடையில் அது வளைந்து கொடுத்துவிடும், அதுதான் நுனிச்சுமை. தினசரி வேலைக்கான கம்பிகளில் அது ஒரு கிராமை ஒட்டியோ குறைவாகவோ இருக்கும். ஒரு கிராம்தானே என்று நினைக்க வேண்டாம். 0.36 மி.மீ. அகல வட்டத்தின் மேல் ஒரு கிராம் என்பது, கணக்குப் போட்டால், பாதரச அளவில் 720 மி.மீ.க்குச் சமமான அழுத்தம். நம் இரத்த அழுத்தம் 120. மாதக்கணக்கில் முற்றிலும் மூடிக் கல்லாகிவிட்ட அடைப்புகளைத் துளைக்க, நுனியை 0.23 மி.மீ. வரை கூராக்கி 12 கிராம் சுமை தாங்கும் கம்பிகளும் இருக்கின்றன. அதன் அழுத்தம் முன்னதைப்போல ஏறத்தாழ முப்பது மடங்கு. அடைப்பைத் துளைக்கும் கம்பி சுவரையும் துளைக்கும். இதயத்தைச் சுற்றி இரத்தம் கசிந்து தேங்கினால் நிமிடங்களில் உயிருக்கு ஆபத்து.

இவற்றையெல்லாம் எப்படி அளந்து அறிகிறார்கள்? ஒரு மெல்லிய குழாயைக் குறிப்பிட்ட வளைவுகளில் பொருத்தி, 37 பாகை வெந்நீரில் அமிழ்த்துகிறார்கள். கம்பியின் வாலில் ஒரு மோட்டார், நுனியில் ஒரு கோணமானி. மோட்டார் மெதுவாகத் திருப்பத் திருப்ப, வாலின் கோணத்தையும் நுனியின் கோணத்தையும் ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டே போகிறார்கள். உயர்ந்த கம்பி சாய்ந்த நேர்கோடு தரும். துள்ளும் கம்பியின் கோடு படிப்படியாக ஏறும். எத்தனை பாகைக்கு ஒரு படி, படியின் உயரம் எவ்வளவு என்பதே அந்தக் கம்பியின் நடத்தைச் சான்று. நோயாளிகளின் சி.டி. ஸ்கேனிலிருந்து அச்செடுத்த சிலிக்கோன் குழாய் மாதிரிகளிலும் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் சிலிக்கோன் துடிப்பதில்லை, அதில் சுண்ணாம்பு படிவதில்லை. சோதனை மேசையில் வென்ற கம்பி விலங்கிலும் பிறகு மனிதரிலும் மறுபடி தேர்வெழுத வேண்டியிருப்பது அதனால்தான்.

இதயத்தைவிடக் கடினமான களம் மூளை. கழுத்துக் குழாய் மண்டையோட்டின் அடியில் இரட்டை வளைவாக நெளிந்துதான் உள்ளே நுழைகிறது. பெருங்குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. கம்பி வழியே போய் இரத்தக்கட்டியை இழுத்தெடுப்பது மருந்தை மட்டும் நம்புவதைவிட மேல் என்று 2015-இல் வெளிவந்த ஐந்து ஆய்வுகள் உறுதிசெய்தன. அதன் பிறகு, கட்டியை எவ்வளவு விரைவில் சென்றடைவது என்பதே போட்டியாகிவிட்டது. வாலை உருட்டித் திருப்புவதை விட்டுவிட்டு நுனியையே நேரடியாகத் திருப்பினால் என்ன என்ற கேள்வி இங்கேதான் சூடுபிடிக்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழுவினர் 2019-இல் நியோடிமியக் காந்தத் தூளைக் கலந்த மெல்லிய பாலிமர் இழையைச் செய்து, மேலே நீர்க்கூழ்த் தோல் போர்த்தி, வெளியிலிருந்து ஒரு காந்தத்தை அசைத்து அதை மூளைக் குழாய் மாதிரிக்குள் ஓட்டிக் காட்டினார்கள். 2021-இல் சான் டியாகோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழுவினர் நுண்குழாய்ச் சுவர்களில் உப்புநீரை அழுத்தி நுனியை வளைத்து, பன்றிகளில் சோதித்தார்கள். இவற்றில் முறுக்குச் சிக்கல் விலகிவிடுகிறது. ஆனால் தள்ளியாக வேண்டும். அப்படியானால் படகுத்தூணின் கணக்கு அப்படியே நிற்கிறது. காந்த முறைக்குத் தனிக் கருவிகளும் வேண்டும், செலவும் கூடும்.

நம் நாட்டிலும் ஒரு துணிச்சலான முயற்சி நடந்தது. 2018 டிசம்பரில் மருத்துவர் தேஜஸ் பட்டேல், காந்திநகர் அக்ஷர்தாம் கோயில் வளாகத்தில் உட்கார்ந்தபடி, 32 கி.மீ. தொலைவில் அகமதாபாத் மருத்துவமனையில் படுத்திருந்த ஐந்து நோயாளிகளுக்கு ரோபோ வழியாக இதயக் குழாய்ச் சிகிச்சை செய்தார். பெருமைக்குரிய செயல். ஆனால் அந்த ரோபோவின் உருளைகள் பிடித்துத் திருப்பியதும் வழக்கமான கம்பியைத்தான். கம்பி துள்ளினால் ரோபோவின் கையிலும் துள்ளும்.

இத்தகைய கருவிகளை இங்கேயே உருவாக்கும் அனுபவமும் நமக்கு உண்டு. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம் 1990 டிசம்பரில் தானே வடிவமைத்த இதய வால்வை முதன்முதலாகப் பொருத்தியது. இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது. அதே நிறுவனம் பெங்களூரின் தேசிய வானூர்தியியல் ஆய்வகத்தோடு சேர்ந்து, மூளைக் குழாயின் வீக்கத்துக்கான நிட்டினால் ஸ்டென்ட்டை உருவாக்கி, 2020-இல் புனேயின் ஒரு தொழில் நிறுவனத்துக்கு அந்தத் தொழில்நுட்பத்தைக் கொடுத்தது. நிட்டினாலைக் கையாளும் திறமை நம்மிடம் முளைத்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஸ்டென்ட்டின் விலைக்கு 2017-இல் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தபோது எல்லோரும் பேசினோம். அந்த ஸ்டென்ட்டை உள்ளே கொண்டுபோகும் கம்பியைப் பற்றி யாரும் பேசவில்லை.

காந்தக் கம்பிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நுனியில் ஒரு கிராமைத் தாண்டாத, வாலில் கொடுத்த திருப்பத்தைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் சாதாரண 0.36 மி.மீ. கம்பியை முதலில் இங்கே சரியாகச் செய்துகாட்ட வேண்டும். அதற்கு மெல்லிய கம்பி இழுக்கவும், கூம்பாகத் தேய்க்கவும், சுருள் சுற்றவும், பூச்சு ஏற்றவும் தெரிந்த கைகள் வேண்டும்; அவற்றைச் சோதிக்கும் மேசைகளும் வேண்டும். வளைந்த குழாய், சிறு மோட்டார், கோணமானி, வெந்நீர்த் தொட்டி ஆகியவற்றால் ஆன அந்த முறுக்குச் சோதனை மேசையின் முதல் வடிவத்தைக் கொச்சியிலோ கோவையிலோ எந்தப் பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் ஆய்வகத்திலும் அமைத்துவிடலாம். இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.